வகுப்பில் கொடுக்கும் தாள்களைப் பிரெய்லில் எடுத்துக்கொடுப்பது எப்படி? பாம்பனிலிருந்து கேட்கிறேன்

பாம்பன் சித்தி:
எல்லாருக்கும் வணக்கம். என் அக்கா மகளுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. எட்டாம் வகுப்பு வரை வெளி மாவட்டத்தில் விடுதிப் பள்ளியில் படித்தாள். இந்த வருஷம் வீட்டோடு வந்து, பக்கத்து உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். பிரெய்ல் தாளில் அவள் விரல் ஓடும் வேகத்தைப் பார்த்தால் எனக்கு மலைப்பாக இருக்கும்.

பாடப்புத்தகங்களில் பாதி பிரெய்லில் வந்துவிட்டன. வராமலே இருப்பவை வகுப்பில் கொடுக்கும் தாள்கள்தான்: பயிற்சித்தாள், மாதிரி வினாத்தாள், கரும்பலகைக் குறிப்பு, வரைபடம். தோழிகள் வாசித்துக் காட்டுகிறார்கள், நல்ல பிள்ளைகள். ஆனால் பரீட்சைக்கு முந்தின நாள் அந்தப் பிள்ளைகளும் படித்தாக வேண்டுமே.

நான் ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். பத்திரிகை, நோட்டீஸ் எல்லாம் டைப் அடித்துப் பழக்கம். சரி, நாமே செய்வோம் என்று அறிவியல் மாதிரி வினாத்தாளைக் கணினியில் அடித்து, ஒரு மென்பொருளில் பிரெய்லுக்கு மாற்றி, மதுரையில் எம்பாஸர் (பிரெய்ல் புள்ளிகளை அச்சடிக்கும் எந்திரம்) வைத்திருக்கும் தெரிந்தவரிடம் அச்சடித்து வாங்கி வந்தேன். முதல் வரியிலேயே அவள் விரல் நின்றுவிட்டது. "சித்தி, இது என்ன பாஷை?" என்று கேட்டாள். எங்கே தவறு செய்தேன் என்று யாராவது சொல்லுங்கள்.

ஆறு புள்ளி:
சித்தி, நானும் பார்வையற்றவன். ராமநாதபுரத்தில் தமிழாசிரியர். எந்த எழுத்துருவில் அடித்தீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். பத்திரிகை அடிக்கும் கடைகளில் புழங்கும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவாக இருந்தால் கோளாறு அங்கேதான். உங்கள் திரையில் தமிழ் தெரியும், ஆனால் கணினிக்குள் இருப்பது ஆங்கில எழுத்து. மென்பொருள் அந்த ஆங்கிலத்தைத்தான் புள்ளியாக்கிக் கொடுத்திருக்கும்.

பாம்பன் சித்தி:
ஆமாம் சார், பாமினிதான். இருபது வருஷமாகக் கை அதிலேயே பழகிவிட்டது.

சாயல்குடி தம்பி:
அக்கா, அடித்ததை வீணாக்க வேண்டாம். பாமினியிலிருந்து ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றித்தரும் கருவிகள் இணையத்தில் நிறைய இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒரு முறை வாசித்துப் பாருங்கள். புதிதாக அடிப்பதை ஒருங்குறியிலேயே அடித்துவிடுங்கள், கை ஒரு மாதத்தில் பழகிவிடும்.

ஒருங்குறியிலும் இரண்டு இடத்தில் கால் இடறும். ஒன்று, "கௌரவம்" என்ற சொல்லில் பலர் கொம்பு போட்டு, பக்கத்தில் "ள" எழுத்தையே அடித்துவிடுகிறார்கள். அச்சில் வித்தியாசம் தெரியாது. பிரெய்லில் அது "கெ", "ள", "ரவம்" என்று தனித்தனியாக வந்து நிற்கும். மற்றொன்று, "கொ" என்பதற்கு ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாக அடிப்பது. கண்ணுக்கு "கொ" மாதிரிதான் இருக்கும், விரலுக்குப் பொருளில்லாமல் போய்விடும். பிடிஎஃப் கோப்பிலிருந்து நகலெடுக்கும் பாடங்களில் இந்த இரண்டையும் தேடித் திருத்தாமல் நான் எதையும் அனுப்புவதில்லை.

பிரெய்லுக்கு மாற்ற லிப்லூயிஸ் என்ற கட்டற்ற மென்பொருளில் தமிழ் அட்டவணை இருக்கிறது. விலை கொடுத்து வாங்குவதென்றால் டக்ஸ்பரி. இரண்டில் எதுவானாலும் உள்ளே போவது சுத்தமாக இருந்தால்தான் வெளியே வருவது சுத்தமாக இருக்கும்.

ஆறு புள்ளி:
தம்பி சொன்னதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அச்சில் "கெ", "கே", "கை" என்று எழுதும்போது கொம்பு முன்னால் வரும். பிரெய்லில் எப்போதும் மெய் முதலில், உயிர் பின்னால், வாய் சொல்லும் வரிசையிலேயே. ஒரு கட்டத்தில் 6 புள்ளிகளுக்கு இடம், இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3, வலப்பக்கம் 4, 5, 6. "க" என்றால் 1, 3 ஆகிய புள்ளிகள், அகரம் அதற்குள்ளேயே இருக்கிறது. "கி" என்றால் அதே "க", அடுத்த கட்டத்தில் "இ". "க்" என்றால் 4ஆம் புள்ளியை முதலில் வைத்து அடுத்து "க". "இராமநாதபுரம்" அச்சில் 8 எழுத்து, பிரெய்லில் 12 கட்டம். உங்கள் ஒரு பக்க வினாத்தாள் இரண்டு மூன்று தாளாக நீள்வது இதனால்தான், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாகப் பாரதி பிரெய்ல் என்ற முறை 1951இல் ஏற்கப்பட்டது. ஒரே ஒலிக்கு எல்லா மொழியிலும் ஒரே புள்ளிகள். 6 புள்ளிகளில் எழுதக்கூடிய வடிவம் 63 மட்டுமே, அதனால் ஒரே வடிவம் பல வேலை பார்க்கும். 3, 4, 5, 6 சேர்ந்தால் "ண". எண்ணுக்கு முன்னால் வைக்கும் எண்குறியும் அதே வடிவம்தான். "ணி" என்பதும் 9 என்பதும் கட்டத்துக்குக் கட்டம் ஒன்றே. "9 மணி" என்று எழுதினால் அந்த இரண்டு கட்டங்கள் இரு முறை வரும். "அண்ணே" என்ற சொல்லின் கடைசியில் 5 இருக்கிறது. சொல்லுக்குள் வந்தால் எங்களுக்குக் குழப்பமே வராது. எண்குறியை விட்டுவிட்டால்தான் சிக்கல், 5 என்பது "ஏ" ஆகிவிடும். வினா எண்கள் ஒவ்வொன்றையும் தனியாகச் சரிபாருங்கள்.

தங்கச்சிமடம் அண்ணன்:
மனசில் பட்டதைக் கேட்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். நான் வல்லத்தில் தொழிலுக்குப் போகிறவன். என் கைப்பேசியே செய்தியை வாசித்துக் காட்டுகிறது. பிள்ளைக்கும் ஒரு கைப்பேசி வாங்கிக்கொடுத்து, பாடத்தைப் பேசிப் பதிந்து கொடுத்தால் போதாதா? இவ்வளவு தாள், எந்திரம், மதுரைக்குப் போய்வரும் செலவு எல்லாம் எதற்கு?

ஆறு புள்ளி:
அண்ணே, கேட்டது நல்லதுதான். எனக்கும் கைப்பேசி உயிர். நாளிதழ், கடிதம், வங்கிக் குறுஞ்செய்தி எல்லாம் காதால்தான் படிக்கிறேன். கதை கேட்கவும் வரலாற்றுப் பாடத்தைத் திரும்ப ஓட்டிப் பார்க்கவும் ஒலிப்பதிவு போல வசதி வேறு இல்லை. அதை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை.

ஆனால் காதுக்கு எழுத்து தெரியாது. "கரை" என்று சொல்லுங்கள், "கறை" என்று சொல்லுங்கள், நம் பக்கத்துப் பேச்சில் இரண்டும் ஒன்றாகத்தான் கேட்கும். படகை ஏற்றுவது எந்த "ர", சட்டையில் படிவது எந்த "ற" என்று அந்தப் பிள்ளைக்கு யார் காட்டுவது? விரலுக்கு இரண்டும் வேறு. "ர" என்றால் 1, 2, 3, 5. "ற" என்றால் 1, 2, 4, 5, 6. "ந", "ன" இரண்டையும் காதால் பிரிக்கவே முடியாது, பிரெய்லில் ஒன்று நான்கு புள்ளி, மற்றது இரண்டே புள்ளி. "வலி", "வளி", "வழி" மூன்றும் அப்படித்தான். பத்து வருஷம் கேட்டு மட்டுமே படித்த பிள்ளைகள் என் வகுப்புக்கு வந்திருக்கிறார்கள். வாய் திறந்தால் அருமையாகப் பேசுவார்கள். ஒரு விண்ணப்பம் எழுதச் சொன்னால் வியர்த்துப்போவார்கள். ஒரு சொல்லைக்கூட அவர்கள் எழுத்தாகத் தொட்டுப் பார்த்ததில்லை. அதற்கு அந்தப் பிள்ளைகளை நான் குறை சொல்லவே மாட்டேன்.

இன்னொன்றும் உண்டு. ஒலிப்பதிவில் நான்காவது கேள்விக்குத் திரும்பிப் போக வேண்டுமென்றால் தடவித் தடவித் தேட வேண்டும். தாளில் விரலை எடுத்து வைத்தால் போதும். கணக்கைக் காதால் மட்டும் போட்டுப் பாருங்கள், மூன்றாவது படியில் முதல் படி மறந்துவிடும்.

தங்கச்சிமடம் அண்ணன்:
கரை, கறை. இது எனக்குத் தோணவே இல்லை சார். சரி, இந்த வேலையில் என்னால் ஆகக்கூடியது ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

மண்டபம் சிறப்பாசிரியர்:
சித்தி, இதை நீங்கள் தனியாகச் சுமக்கக் கூடாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு உள்ள மாணவர்களுக்கு 18 வயது வரை புத்தகம், கற்றல் பொருள், உதவிக் கருவிகளை இலவசமாகத் தர வேண்டும் என்று இருக்கிறது. கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் எல்லாமும் அதே பிரிவில்தான். வராத புத்தகங்களின் பட்டியலைத் தலைமையாசிரியர் கையெழுத்துடன் வட்டார வள மையத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டுப் புத்தகத்தை இந்த ஆண்டு முடிவதற்குள் கேட்டுவிடுங்கள். ஜூனில் கேட்டால் பிள்ளை பாதி வருஷம் கையில் புத்தகம் இல்லாமல் உட்கார்ந்திருக்கும்.

பாடப்புத்தகத்தைப் பிரெய்லாக்குவது காப்புரிமைக் குற்றமோ என்று சிலர் தயங்குகிறார்கள். 2012ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு பார்வையற்றோர் படிக்கும் வடிவத்துக்கு மாற்றுவதற்கு விலக்கு உண்டு. இதற்காகவே உலக அளவில் வந்த மராக்கேஷ் உடன்படிக்கைக்கு 2014இல் முதலில் ஒப்புதல் கொடுத்த நாடு இந்தியா. தைரியமாகச் செய்யுங்கள்.

வகுப்புத் தாள்களைப் பொறுத்தவரை, ஆசிரியர்கள் நகலெடுக்கக் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பே கைப்பேசியில் படம் பிடித்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் மறுக்க மாட்டார்கள், யாரும் கேட்டிராததால்தான் செய்யாமல் இருப்பார்கள். ஒன்றிரண்டு பக்கத் தாளுக்கு மதுரை வேண்டாம். எங்கள் மையத்தில் பெர்கின்ஸ் என்ற பிரெய்ல் தட்டச்சு எந்திரம் இருக்கிறது, இரவலாகத் தர ஏற்பாடு செய்கிறேன். ஆறு புள்ளிக்கு ஆறு விசை, இடது சுட்டுவிரலுக்கு 1, வலது சுட்டுவிரலுக்கு 4 என்று தொடங்கும். ஒரு வரிக்கு 42 கட்டம். உங்கள் டைப்பிங் கைக்கு மூன்று வாரத்தில் வந்துவிடும். சொல்லிக்கொடுக்க உங்கள் வீட்டிலேயே ஆள் இருக்கிறாள். அச்சடித்ததை வகுப்புக்கு அனுப்பும் முன் அவளோ, பிரெய்ல் தெரிந்த வேறொருவரோ விரலால் படித்துத் திருத்த வேண்டும். கண்ணால் பார்த்துச் சரி என்று சொல்லிவிடாதீர்கள்.

கீழக்கரை காக்கா:
நான் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். கணக்கைத் தமிழ்ப் பாடம் மாதிரி மென்பொருளில் போட்டுவிடாதீர்கள் தங்கச்சி. அதற்கு நெமெத் முறை என்று தனி ஏற்பாடு உண்டு. ஆபிரகாம் நெமெத் என்ற அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் 1952இல் வெளியிட்டது. அவரும் பார்வையற்றவர். அதில் எண்கள் கட்டத்தின் மேல்பாதியில் இல்லாமல் கீழ்ப்பாதியில் இருக்கும். பின்னம் என்றால் தொடக்கக் குறி ஒன்று, நடுவில் கோட்டுக்கு ஒன்று, முடிவுக்கு ஒன்று. தமிழாசிரியர் சொன்ன 3, 4, 5, 6 வடிவம் இங்கே பின்னத்தை மூடும் வேலையும் பார்க்கிறது. ஆக ஒரே கட்டம் "ண", எண்குறி, பின்னத்தின் முடிவு என்று மூன்றாகிறது. தொடக்கக் குறியை விட்டால் பிள்ளைக்கு எது தொகுதி, எது பகுதி என்று தெரியாமல் போகும்.

என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டே "இதை இங்கே கொண்டு வந்தால் அது அங்கே போகும்" என்று சொல்வேன். ஒரு நாள் அவன் எழுந்து, "சார், எதை, எங்கே?" என்று கேட்டான். அன்று நான் தலைகுனிந்தேன். அதன் பிறகு ஒவ்வொரு படியையும் முழுதாக வாயால் சொல்லித்தான் எழுதினேன். பார்வையுள்ள பிள்ளைகளின் மதிப்பெண்ணும் அதில் கூடியது. இந்தத் தாள் வேலையோடு கூடவே, பலகையில் எழுதுவதை வாயாலும் சொல்லும்படி ஆசிரியர்களிடம் கேளுங்கள். நீங்கள் தாளை எவ்வளவு நன்றாக அடித்தாலும், இது இல்லாவிட்டால் பாதிதான்.

பாம்பன் சித்தி:
ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன். எந்திரம் வந்தது. தமிழும் அறிவியலும் ஓரளவு பிழையில்லாமல் அடிக்கிறேன். தினமும் ராத்திரி அவள் படித்து, தப்பு வந்த இடத்தில் மடக்கென்று நிறுத்துவாள். நேற்று மூன்றே தப்பு. கணக்குத் தாளை இன்னும் காக்காவிடம் காட்டிவிட்டுத்தான் கொடுக்கிறேன்.

இப்போது வேறு சிக்கல். சமூக அறிவியல் ஆசிரியை மாவட்ட வரைபடம் கொடுத்து, கடற்கரை ஊர்களையும் தீவுகளையும் குறிக்கச் சொல்லியிருக்கிறார். எல்லாருக்கும் ஒரே தாள். இவளுக்கு மட்டும் "நீ விட்டுவிடு" என்றாராம். அவர் அன்பாகத்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் கடலோரத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளை தன் கரையின் படத்தைத் தொடாமல் விடுவதா? ராத்திரி அவள் சாப்பிடவில்லை.

ஆறு புள்ளி:
விடாதீர்கள். அச்சுப் படத்தில் இருப்பதை எல்லாம் ஏற்றாமல், ஒரு படத்தில் ஒரு விஷயம் மட்டும் வையுங்கள். கரைக்கோடும் ஊரும் ஒரு தாள், ஆறும் கண்மாயும் வேறு தாள். கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே விரல் பிரித்தறியும் அளவுக்கு இடைவெளி வேண்டும். ஊர்ப்பெயரை முழுதாக எழுத இடம் இருக்காது, இரண்டெழுத்துக் குறி வைத்து விளக்கத்தைத் தனித் தாளில் எழுதுங்கள். தையற்காரரின் பல் சக்கரத்தால் தாளின் பின்பக்கம் அழுத்தி ஓட்டினால் முன்பக்கம் புள்ளிக்கோடு எழும்பும், அடியில் ரப்பர் விரிப்பு வேண்டும். அப்படிச் செய்தால் படத்தை இடவலமாகத் திருப்பிப் போட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் தனுஷ்கோடி மேற்கே போய்விடும்.

தங்கச்சிமடம் அண்ணன்:
கோடு எழும்பத்தானே வேண்டும்? வலை நூல் எதற்கு இருக்கிறது? அட்டையில் பென்சிலால் வரைந்து, அதன் மேல் பசை தடவி நூலை ஒட்டிவிடலாம். கரைக்குத் தடித்த நூல், சாலைக்கு மெல்லிய தங்கூசி (நைலான் நரம்பு). பிரித்துப் போட்ட பழைய வலை வீட்டில் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகவில்லை, கடைக்கு வருகிறேன் தங்கச்சி.

பாம்பன் சித்தி:
படம் முடிந்தது. எப்படிச் செய்தோம் என்று விரிவாக எழுதுகிறேன், வேறு யாருக்காவது பயன்படும்.

வடக்கே தொண்டியில் தொடங்கித் தேவிபட்டினம் வழியாக மண்டபம் வரை ஒரே நூல், வெட்டவில்லை. அங்கிருந்து மேற்கே திரும்பி, கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர். ராமேசுவரம் தீவு தனியாக ஒரு சுற்று. முதலில் அண்ணன் இரண்டையும் ஒட்டினாற்போல் வைத்துவிட்டார். அவள் தொட்டுப் பார்த்துவிட்டு, "மாமா, பாம்பன் கால்வாயை மூடிட்டீங்களா? போட்டெல்லாம் எப்படிப் போகும்?" என்றாள். பிரித்து விரல் நுழையும் அளவுக்கு இடம் விட்டோம். குறுக்கே பாலத்துக்கு ஒரு தங்கூசி. அச்சுத் தாளில் 1914ஆம் ஆண்டு ரயில் பாலம் மட்டும்தான் இருந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தையும் போட வேண்டும் என்று அவளே சொன்னாள், அதனால் விளக்கத் தாளில் ஒரு வரி கூடியது.

கடலை எப்படிக் காட்டுவது என்று யோசித்தபோது, தெற்கே உப்புத்தாள் ஒட்டச் சொன்னாள். வடக்கே வழவழப்பாக விடச் சொன்னாள். தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் வடக்கே பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண் கடல் என்றும் நம் ஊரில் சொல்வதை அவள் சின்ன வயதிலிருந்தே கேட்டவள். சத்தத்தை வைத்தே எந்தக் கடலோரம் நிற்கிறோம் என்று சொல்லிவிடுவாள். இப்போது அதைப் படத்திலும் தொட்டுவிட்டாள்.

தீவுகளுக்குப் பாசிமணி. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் மண்டபம் கூட்டத்து ஏழையும் கீழக்கரைக் கூட்டத்து ஏழையும் மட்டும் எடுத்துக்கொண்டோம். பூவரசன்பட்டித் தீவு கடலுக்குள் போய்விட்டது என்று அண்ணன் சொன்னதும், அந்த இடத்தில் மணி வேண்டாம், ஊசியால் ஒரு துளை போடுங்கள் என்றாள். ஆசிரியை அந்தத் துளையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வகுப்பில் எல்லாரையும் கண்ணை மூடிக்கொண்டு படத்தைத் தொடச் சொல்லியிருக்கிறார்.

மண்டபம் சிறப்பாசிரியர்:
படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. ஒன்று மட்டும். வாடைக் காலம் வரப்போகிறது. நம் பக்கத்து உப்புக் காற்றில் தாள் ஈரம் குடித்துப் புள்ளி அமுங்கிவிடும். பிரெய்ல் தாள்களை அடுக்கிப் போடாமல், புத்தகம் மாதிரி நிறுத்தி வையுங்கள். மூடியுள்ள ஓலைப்பெட்டி இருந்தால் நல்லது. எந்திரத்தை வேலை முடிந்ததும் துணியால் மூடுங்கள், விசை துருப்பிடித்தால் பழுது பார்க்க இங்கே ஆள் கிடையாது.

தொண்டி உம்மா:
அஸ்ஸலாமு அலைக்கும். இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். என் மகன் நாலாவது படிக்கிறான். அவனுக்கும் பார்வை இல்லை, பிரெய்ல் இப்போதுதான் தொடங்கியிருக்கிறான். தொண்டி அந்த நூலின் முனையில் இருக்கிறது என்று அவனிடம் சொன்னேன். எனக்குத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று மூன்று நாளாக விடமாட்டேன் என்கிறான். இன்னொரு படம் செய்து கொரியரில் அனுப்ப முடியுமா அக்கா? செலவை நான் கொடுத்துவிடுகிறேன்.

பாம்பன் சித்தி:
வ அலைக்கும் அஸ்ஸலாம் தங்கச்சி. கொரியர் வேண்டாம், மேலே மூட்டையைப் போட்டு நசுக்கிவிடுவார்கள். அண்ணன் இன்று ராத்திரியே நூல் ஒட்ட உட்கார்ந்துவிட்டார். இந்த முறை தொண்டியில் ஒரு பெரிய மணி வைக்கச் சொல்லியிருக்கிறாள் பிள்ளை. சனிக்கிழமை பள்ளி விடுமுறை. நானும் அவளும் ராமநாதபுரம் வந்து பஸ் மாறி வருகிறோம், படத்தை அவள் மடியிலேயே வைத்துக்கொள்வாள். காலை 9 மணி வண்டி.